எக்காளப் பூவும் இரண்டரை வயதுக் குழந்தையும்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று பூச்செடிகள் இருக்கின்றன. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, எக்காளம் போன்ற பெரிய பூக்கள் தலைகீழாகத் தொங்கும் பிரக்மான்சியா. வாசலருகே இரவு ராணி. பின்பக்கத் தொட்டியில், ஊதாவாகப் பூத்து வெள்ளையாக மாறும் ‘நேற்று இன்று நாளை’ செடி. மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் விஷம், வாசனையை முகர்ந்தாலே மூளை கலங்கும், உடனே வேரோடு பிடுங்குங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரவில் எனக்குத் தலைவலி வருவதும் உண்மைதான். போன வாரம் பிரக்மான்சியாவைக் கவாத்து செய்த அன்று மாலை, என் வலது கண்ணின் பாவை மட்டும் பெரிதாகி, படிக்க முடியாமல் போனது. மூன்று நாளில் சரியாகிவிட்டது. வீட்டில் இரண்டரை வயது மகளும் ஆறு மாத நாய்க்குட்டியும் இருக்கிறார்கள். என் பெரியப்பாவோ, இதன் காய்ந்த இலையைப் புகைத்தால் இழுப்பு நிற்கும் என்று கொஞ்சம் இலை கேட்கிறார். செடிகளை வைத்திருக்கலாமா? – ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கண். மற்றவற்றைச் சாவகாசமாகப் பேசலாம். இரண்டு கண்களில் ஒன்றின் பாவை மட்டும் திடீரென்று விரிந்தால், காரணம் இன்னதென்று நமக்கே தெரிந்திருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மூளையில் இரத்தக் கசிவு, நரம்பில் அழுத்தம் போன்றவையும் இதே அடையாளத்தோடு வருவதுண்டு. கடுமையான தலைவலி, இமை தொங்குதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது ஒன்று கூடவே இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உங்களுக்கு இவை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, தானாகவே சரியாகியிருக்கிறது, அன்றுதான் கவாத்தும் செய்திருக்கிறீர்கள். ஆகவே செடியின் சாறு பட்ட கையால் கண்ணைத் தொட்டிருப்பீர்கள் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

நடப்பது இதுதான். பிரக்மான்சியாவின் இலை, தண்டு, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் ஸ்கோபோலமைன், ஹயோசயமைன், அட்ரோபின் ஆகிய ஆல்கலாய்டுகள், அதாவது செடி தானே உண்டாக்கும் நச்சுப்பொருள்கள், இருக்கின்றன. பாவையைச் சுருக்கும் தசைக்கு நரம்பிலிருந்து வரும் கட்டளை, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக வந்து சேர்கிறது. அது வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் இந்த ஆல்கலாய்டு முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். கட்டளை வாசலிலேயே நின்றுவிடுகிறது, தசை சுருங்குவதில்லை, பாவை அகலத் திறந்தே கிடக்கிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்காக விழியாடியின், அதாவது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின், வடிவத்தை மாற்றும் தசைக்கும் இதே கதிதான். எழுத்து மங்கியது அதனால்தான். கண் மருத்துவமனையில் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைப்பார்களே, அந்த வேலையைத்தான் உங்கள் செடி இலவசமாகச் செய்திருக்கிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. தோட்டக்கலையில் பல ஆண்டு இருந்தவன், மாணவர்களுக்கு இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வெயிலில் வெறுங்கையோடு கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. மணிக்கட்டின் பின்புறத்தால் துடைத்தேன். விரலால் தொட்டால்தான் ஆபத்து என்று நினைத்திருக்கிறேன் போலும். மாலையில் செய்தித்தாளின் எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது பாவை மிளகளவு, வலது பாவை கருவிழியையே விழுங்கிவிட்டது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், தலையில் அடி பட்டதா என்று மூன்று முறை கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. செடியின் நினைவு எனக்கு வந்தது மறுநாள் காலையில், வெட்டிப் போட்ட கிளைகளின் குவியலைப் பார்த்தபோதுதான். அந்த மருத்துவர் மேல் குறை சொல்ல ஏதுமில்லை. பைலோகார்பின் என்றொரு சொட்டு மருந்து உண்டு. நரம்பு அழுந்தியதால் விரிந்த பாவை அதற்குச் சுருங்கும். இந்த ஆல்கலாய்டால் விரிந்த பாவை அசையாது. ஒரு சொட்டில் இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சோதனை அவருக்குத் தோன்ற வேண்டுமானால், ‘இன்று இந்தச் செடியை வெட்டினேன்’ என்று நாம் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

இனி வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. மூன்றும் ஒரே குடும்பம்தான், கத்தரிக் குடும்பம். மூன்றும் விஷம் என்பதும் சரி. வாசனையில் விஷம் வருகிறது என்பதுதான் தவறு. மணம் தரும் பொருள்கள் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். ஆல்கலாய்டுகள் சாதாரண வெப்பநிலையில் காற்றில் கலந்து மூக்குக்கு வருகிற இனமல்ல; இலைக்குள்ளும் பூவுக்குள்ளும் இருந்த இடத்திலேயே இருக்கும். மணமும் விஷமும் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு குடித்தனக்காரர்கள், அவ்வளவே. இதற்குச் செடியிலேயே சான்று உண்டு. பிரக்மான்சியாவில் சங்வினியா என்ற இனம், ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும். அதற்கு மணமே கிடையாது. ஆண்டிஸ் மலைகளில் அதைத் தேடி வருவது பகலில் பறக்கும் ஹம்மிங்பறவைகள்; அவற்றுக்கு நிறம் போதும். அந்தப் பறவைகளில் வாளலகி என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது. வாலைக் கழித்துப் பார்த்தால் உடலைவிட அலகு நீளம். மணமில்லாத அந்தச் சிவப்புப் பூச்செடியில் விஷம் ஒரு துளியும் குறைவில்லை. உங்கள் செடியின் வெளிர்நிறப் பூக்கள் காத்திருப்பது இருட்டில் வரும் நீண்ட உறிஞ்சுகுழல் அந்துப்பூச்சிகளுக்காக. இருட்டில் நிறம் எடுபடாது. அதனால் அந்தி சாய்ந்ததும் மணத்தை அவிழ்த்துவிடுகிறது. அந்துப்பூச்சிக்கு அனுப்பிய அழைப்பு உங்கள் ஜன்னலிலும் நுழைகிறது.

அப்படியானால் தலைவலி எதனால்? செறிந்த மணமே சிலருக்குத் தலைவலி தரும், குமட்டும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சை இறுக்கும். இந்த விஷயத்தில் மூன்று செடிகளில் மோசமானது இரவு ராணிதான். பத்தடிக்கு அப்பால் இனிக்கும். தலையணைக்குப் பக்கத்தில் அதே மணம் நெற்றியைப் பிளக்கும். உங்கள் ஜன்னலில் பிரக்மான்சியா, வாசலில் இரவு ராணி. இரண்டும் சேர்ந்து மூடிய அறைக்குள் இரவு முழுக்கத் தங்கினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? இரண்டையும் நகர்த்துங்கள். ஒரு வாரத்தில் தலைவலி போய்விட்டால் காரணம் அதுதான். போகவில்லையென்றால் செடியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

‘கத்தரிக் குடும்பம்’ என்றதும் பயப்படவும் வேண்டாம். தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு செடியும் தனக்கென்று ஒரு தற்காப்பை வைத்திருக்கிறது. மூன்று செடிகளுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. ஊமத்தை பிரக்மான்சியாவுக்கு மிக நெருங்கிய உறவு. 1753இல் தாவரவியலர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார். 1805இல்தான் பெர்சூன் என்ற தாவரவியலர் பிரக்மான்சியாவைத் தனியாகப் பிரித்து, பிரக்மான்ஸ் என்ற டச்சு அறிஞரின் பெயரைச் சூட்டினார். பூ வானத்தைப் பார்த்து, காயில் முள் இருந்தால் ஊமத்தை. பூ தரையைப் பார்த்து, தண்டு மரம்போல் முற்றி, காய் முள்ளில்லாமல் இருந்தால் பிரக்மான்சியா. விஷம் இரண்டிலும் அதே வகைதான். ஊமத்தை என்ற பெயரே உன்மத்தம் என்ற சொல்லிலிருந்து வந்தது. பெயர் வைத்தவர் அனுபவப்பட்டவராகத்தான் இருப்பார். இரவு ராணியை இரவு மல்லி என்று சொல்வதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். அது மல்லிகைக்கும் பவளமல்லிக்கும் எந்த உறவும் இல்லாதது. ‘மல்லிதானே’ என்று யாராவது வாயில் வைத்துவிட்டால் பெயர் காப்பாற்றாது.

இப்போது குழந்தை. என் கவலையெல்லாம் இங்கேதான்.

காலையில் பிரக்மான்சியாவின் அடியில் போய்ப் பாருங்கள். இரவு வாடிய பூ ஒன்று, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், ஈரத் துணிபோல் விழுந்து கிடக்கும். ஒரு முனை விரிந்த பாவாடை, மறுமுனை ஒடுங்கிய குழல். இதை ஒரு குழந்தையின் கையில் கொடுத்தால் என்ன செய்யும்? ஒடுங்கிய முனையை வாயில் வைத்து ஊதும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூவின் வடிவமே அதைச் சொல்கிறது. ஊதியபின் உறிஞ்சும், பிறகு கடிக்கும். கிளையில் எட்டாத உயரத்தில் தொங்கும் பூவைப் பற்றி எனக்குப் பயமில்லை. தரையில் கிடக்கும் பூவைப் பற்றித்தான் பயம். நீங்கள் எழுந்து பெருக்குவதற்கு முன்பே எழுந்துவிடும் வயது, இரண்டரை.

எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கேட்காதீர்கள். செடிக்குச் செடி, பகுதிக்குப் பகுதி, பருவத்துக்குப் பருவம் ஆல்கலாய்டின் அளவு மாறும். அதனால் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற அளவே இல்லை. உள்ளே போன அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தெரியும். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோல் சிவந்து அனலாகும், ஆனால் வியர்வை வராது. இதயம் ஓடும். இரண்டு பாவைகளும் விரியும். சிறுநீர் இறங்காது. பிறகு புத்தி தடுமாறும்: இல்லாதவர்களோடு பேசுவது, காற்றில் தொங்கும் நூலைப் பிரிப்பதுபோல் விரல்களால் எதையோ பிடுங்கிக்கொண்டே இருப்பது. முற்றினால் வலிப்பும் வரலாம். இந்தக் குழப்பம் ஒன்றிரண்டு நாள்கூட நீடிக்கும். பாவை அதற்குப் பிறகும் விரிந்தே இருக்கும்.

வாயில் வைத்ததைப் பார்த்துவிட்டால், மிச்சத்தை விரலால் வழித்தெடுத்து, வாயைத் தண்ணீரால் துடையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், மோர் எதுவும் வேண்டாம். அறிகுறி வரட்டும் என்று காத்திராமல், ஒரு இலையையும் ஒரு பூவையும் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். செடியின் பெயரை எழுதி எடுத்துப்போங்கள். பதற்றத்தில் பிரக்மான்சியா என்ற பெயர் யாருக்கும் வாயில் வராது. ஃபைசோஸ்டிக்மின் என்ற விஷமுறிவு மருந்து இருக்கிறது. அது கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கத்தக்கது. உரிய நேரத்தில் கொண்டுபோனால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுவார்கள்.

பலருக்குத் தோன்றாத ஒன்று. பிரக்மான்சியாவின் குச்சியை வெட்டித் தண்ணீரில் வைத்தால் எளிதில் வேர் விடும். அதனால் ஆர்வலர்கள் கண்ணாடித் தம்ளரில் குச்சியை வைத்து, வெளிச்சம் வருகிறதென்று சமையலறை ஜன்னலில் நிறுத்துவார்கள். அந்தத் தண்ணீரில் சாறு இறங்கியிருக்கும். தம்ளர் என்றால் குடிப்பதற்கு என்று நம்புகிறவர்கள்தான் வீட்டில் எல்லோரும், பெரியவர்கள் உட்பட. குச்சி வைத்தே ஆக வேண்டுமென்றால் மண்ணில் வையுங்கள்.

அடுத்து நாய்க்குட்டி. பக்கத்து வீட்டுக்காரர் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். நீங்கள் கடிதத்தில் அரை வரியில் கடந்துபோனீர்களே, அந்த ‘நேற்று இன்று நாளை’ செடிதான் என்னை முதலில் உறுத்தியது. புருன்ஃபெல்சியா என்பது அதன் பேரினப் பெயர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓட்டோ புருன்ஃபெல்ஸ் என்ற ஜெர்மானிய மூலிகை அறிஞரின் நினைவாக வைத்தது. அழகான செடி, மறுக்கவில்லை. முதல் நாள் ஊதா, மறுநாள் இள ஊதா, மூன்றாம் நாள் வெள்ளை. ஒரே கிளையில் மூன்று நாளும் சேர்ந்து நிற்கும். ஆனால் அதில் ஸ்கோபோலமைன் குடும்பத்துக் கதை நடப்பதில்லை. அதில் இருப்பது புருன்ஃபெல்சமிடின் போன்ற, நரம்பைத் தூண்டிவிடும் நஞ்சு. அதன் காய் நாய்களுக்குப் பிடித்துப்போகிறது, விதையோடு மென்றுவிடுகின்றன. சில மணி நேரத்தில் வாந்தி, அமைதியின்மை, உடல் நடுக்கம், பிறகு கால்கள் விறைத்து வலிப்பு. பார்க்க எட்டிக்கொட்டை விஷம்போலவே இருப்பதால், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. சிகிச்சை கிடைத்தாலும் நடுக்கம் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூட நீடிக்கும். ஆறு மாத நாய்க்குட்டி பல் முளைக்கும் பருவத்தில் எதைத்தான் கடிக்காது? செடி இருப்பதோ தொட்டியில், அதன் முகத்துக்கு நேர் உயரத்தில்.

இரவு ராணியின் கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில். அதன் வெள்ளை மணிக் காய்களும் இலையும் தின்றால் வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல், படபடப்பு வரலாம். அதன் உறவுகளைப் பார்த்தால் செஸ்ட்ரம் என்ற இந்தப் பேரினத்தின் குணம் விளங்கும். பகலில் மணக்கும் செஸ்ட்ரம் டையர்னம், இலையில் வைட்டமின் டி3 போன்ற பொருளைச் சேர்த்துவைத்திருக்கிறது. அதைத் தொடர்ந்து மேய்ந்த மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் இரத்தக் குழாயிலேயே சுண்ணாம்பு படியும். செஸ்ட்ரம் பார்க்கி ஈரலைத் தாக்கி மாட்டைச் சாய்த்துவிடும். மணம் ஒரே மாதிரி இனிப்பு. விஷம் ஆளுக்கொரு பாணி.

பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி, இலை கிடையாது என்றும் சொல்லுங்கள். அவர் கட்டுக்கதை பேசவில்லை. ஊமத்தை இலை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகள் 20ஆம் நூற்றாண்டில்கூடக் கடைகளில் விற்றவைதான். இந்த ஆல்கலாய்டுகள் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் என்பதும் உண்மை. ஆனால் இலைக்கு இலை அளவு மாறுகிற ஒன்றைப் புகையாக இழுத்தால், இழுப்பு நிற்பதற்குள் புத்தி கலங்கலாம். வயதானவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், கண்ணழுத்த நோய் இருந்தால் பார்வையே போகலாம். அதே வேதிப் பரம்பரையில் வந்த இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் போன்ற மருந்துகள், அளந்த அளவில், உறிஞ்சும் கருவியாகவே கிடைக்கின்றன. அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பயணக் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையில் இருப்பது வெறும் 1.5 மில்லிகிராம், அதில் 1 மில்லிகிராம் மூன்று நாளில் மெதுவாக உடலுக்குள் போகிறது. சில வகைப் பூச்சிமருந்தைக் குடித்தவரைப் பிழைக்க வைப்பதும் அட்ரோபின்தான். மருந்தாக்குவது அந்த அளவு; செடியிடம் தராசு இல்லை.

ஆகவே என் முடிவு. புருன்ஃபெல்சியா இந்த வாரமே வீட்டைவிட்டுப் போகட்டும். இரவு ராணி, வாசலிலிருந்து தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போகட்டும்; பூத்து முடிந்ததும் காய் பிடிப்பதற்கு முன்பே கொத்துகளை வெட்டிவிடுங்கள். பிரக்மான்சியாவை, மகளால் திறக்க முடியாத கதவுக்கு அப்பால் வைக்க இடமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மாடியோ, தனியாக வேலியிட்ட பகுதியோ எதுவானாலும் சரி. இல்லையென்றால் நாலைந்து ஆண்டுக்கு யாரிடமாவது ஒப்படையுங்கள். எரிக்க வேண்டாம், அந்தப் புகையையும் நீங்கள் இழுக்கக் கூடாது. பிடுங்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பேரினத்தின் இயற்கை இனங்கள் அத்தனையும் காட்டில் அற்றுப்போய், மனிதர்கள் நட்டு வளர்ப்பதால் மட்டுமே உயிரோடிருக்கின்றன என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. உங்களுடையது தோட்டக் கலப்பினமாகத்தான் இருக்கும், அதைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை. இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

மறுபடி கவாத்து செய்யும்போது முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. வியர்வையைத் துடைக்கத் தோளில் ஒரு சுத்தமான துண்டு. கையால் வேண்டாம், மணிக்கட்டாலும் வேண்டாம். முடிந்ததும் கத்தரியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையுறையைக் கழற்றிய பிறகு கையையும். கண்ணில் பட்டுவிட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வெட்டிய கிளைகளை அன்றே அப்புறப்படுத்துங்கள். ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

புருன்ஃபெல்சியாவைக் கேட்டு நிறையப் பேர் வருவார்கள், பூத்திருக்கும்போது கண்ணைப் பறிக்கிற செடி. வருபவரிடம் தண்ணீர் எவ்வளவு, உரம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு சொல்லுங்கள். வீட்டில் நாய் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.